அப்பாவைக் கராவோக்கேவுக்கு அழைத்துப் போகலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 71 வயது, தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். போன ஆண்டு பக்கவாதம் வந்ததில் வலப்பக்கம் தளர்ந்துவிட்டது, சக்கர நாற்காலியில் இருக்கிறார், பேச வார்த்தை தடுமாறுகிறது. அம்மாவுக்குத் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்க வராது. உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் சனிக்கிழமை மாலை கராவோக்கே, அதாவது பின்னணி இசை ஓட, திரையில் வரும் வரியைப் பார்த்து நாமே பாடும் நிகழ்ச்சி, தொடங்கப் போகிறார்கள். அதில் எல்லாரும் சேரலாம் என்று சொல்வது உண்மையா, 500 ரிங்கிட்டுக்குள் என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்பா நாலு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து, பாட முடியாமல் தலைகுனிந்து திரும்பும்படி ஆகிவிடுமோ என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 26 ஆண்டுகளாக ஒலிபெருக்கி வைக்கும் தொழில் செய்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி விளையாட்டுப் போட்டி, சாவு வீடு எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். 11 ஆண்டுகளாக மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு சிறிய மண்டபத்தில் கராவோக்கே நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியேறி, தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்து சேர்ந்தவர்கள். சுருதி, ஒலி, மைக், மண்டபம் இவை என் தொழில். அவற்றை நம்பிக்கையோடு சொல்வேன். உடம்பு, மூளை பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும், பேச்சுப் பயிற்சியாளர்களிடம் கேட்டதும், கண்ணால் பார்த்ததும். மருத்துவர் சொல்வதற்கு மேலாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாரும் சேரலாம் என்பது உண்மை. ஆனால் அது தானாக நடக்காது. மண்டபத்தை அதற்கேற்ப அமைத்தால்தான் நடக்கும். இல்லாவிட்டால் நன்றாகப் பாடும் ஏழெட்டுப் பேர் மாறி மாறிப் பாடுவார்கள், மற்றவர்கள் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

முதலில் சுருதி. எங்கள் மண்டபத்துக்கு ஓர் அக்கா வருவார். செம்பனை நாற்றங்காலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஏறக்குறைய இரண்டு ஆண்டு, வந்ததும் நேராகத் தேநீர் கலக்கும் இடத்துக்குப் போய்விடுவார். பாடச் சொன்னால், “எனக்குத் தொண்டை இல்ல தம்பி, நீங்க பாடுங்க” என்பார். ஒரு ஞாயிறு குழாயடியில் கிளாஸ் கழுவிக்கொண்டே ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தது காதில் விழுந்தது. சுத்தமான சுருதி. ஆனால் அசல் பாட்டைவிட நன்றாகக் கீழே, கிட்டத்தட்ட நான்கு அரைச்சுருதி தள்ளி. (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு உள்ள இடைவெளிதான் ஓர் அரைச்சுருதி.) நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாட்டைத் தேடியெடுத்து, கருவியில் சுருதியை ஏற்றி இறக்கும் கீ பொத்தானை நான்கு தடவை கீழே அழுத்தி வைத்துவிட்டு, “அக்கா, குழாயடியில பாடின அளவுக்கே வெச்சிருக்கேன், வந்து பாருங்க” என்றேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். பல்லவியை மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பாதிக் குரலில் பாடினார். சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்ததும் உடம்பு ஒரு கணம் விறைத்தது. அந்த இடத்தில் எப்போதும் உடையும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு உடையவில்லை. அடுத்த வரியில் கண்ணை மூடிக்கொண்டு, இடக்கை விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே பாடி முடித்தார்.

அதற்குப் பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: எனக்குப் பாட வராது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் குரலில் குறை இல்லை. வேறொருவர் தொண்டைக்குப் பதிவான சுருதியில் பாடிப் பாடி, தன் தொண்டையையே தப்பு என்று நினைத்துக்கொண்டவர்கள். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய உயரம் அவர்களுடைய பயிற்சிக்கும் தொண்டைக்கும் உரியது. கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் கராவோக்கே இசை பெரும்பாலும் அந்த அசல் சுருதியிலேயே இருக்கும். வயதான பிறகு பெண்களின் குரல் இறங்குவது இயல்பு, மாதவிடாய் நின்றபின் அது நன்றாகவே தெரியும். ஆண்களுக்கு வயதாகும்போது குரல் மெலிந்து கொஞ்சம் மேலே போவதும் உண்டு. ஆக, இருபது வயதில் தோட்டத்துத் திடலில் சரியாகப் பாடிய பாட்டு இன்றைக்கு எட்டவில்லை என்றால், பாட்டு மறந்துவிட்டது என்றோ திறமை போய்விட்டது என்றோ அர்த்தமில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறவியிலேயே இசையின் ஏற்ற இறக்கம் பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நூற்றில் 4 பேர் என்று முன்பு சொல்லிவந்தார்கள். இசபெல் பெரெட்ஸும் டொமினிக் வூவானும் 2017-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அது 1.5 விழுக்காடு என்று வந்தது. நம் தாமான் மண்டபத்தில் 60 பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர் இருக்கலாம். ஆனால் நீங்கள் போய்க் கேட்டால் 40 பேர் கையைத் தூக்கி “எனக்கு வராது” என்பார்கள். அந்த 39 பேருக்கும் கீ பொத்தானைக் காட்ட வேண்டியது நம் வேலை.

சுருதி கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இசை எதுவும் இல்லாமல் பாட்டை அவர் போக்கில் பாடச் சொல்லுங்கள். பல்லவியைக் கேட்காதீர்கள். பல்லவி யாருக்கும் வந்துவிடும். சரணத்தில் மிக உயரமான வரி எதுவோ அதைப் பாடச் சொல்லி, கழுத்து நரம்பு புடைக்காமல் அந்த வரி வருகிற சுருதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப கீயை இறக்குங்கள். ஒரு அழுத்து என்றால் அரைச்சுருதி, 12 அழுத்தினால் ஒரு முழு ஸ்தாயி. நான்கைந்துக்கு மேல் போனால் வாத்திய ஒலி கனத்துக் குழறத் தொடங்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறு பாட்டு பார்ப்பது நல்லது. கண்டுபிடித்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இன்னார், இன்ன பாட்டு, கீழே 4 என்று. எங்கள் நோட்டில் இப்போது இருநூறுக்கு மேல் பதிவு இருக்கிறது. மண்டபத்தில் இருக்கும் எந்தக் கருவியைவிடவும் அந்த நோட்டுதான் எனக்கு முக்கியம்.

இந்தக் கருவி பிறந்த கதையும் இதையே சொல்கிறது. ஜப்பானில் 1967-இல் ஷிகேஇச்சி நெகிஷி என்ற பொறியாளர் தன் தொழிற்சாலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போக, சக ஊழியர் கேலி செய்தாராம். பின்னணி இசை இருந்தால் நன்றாகவே பாடுவேன் என்று நினைத்து, டேப்பையும் மைக்கையும் ஒரு பெட்டியில் இணைத்தார். அவர் 2024 ஜனவரியில், 100 வயதில் காலமானார். கோபே நகரில் மதுக்கூடங்களில் வாசித்துவந்த டைசுகே இனோவே அவரைப் பற்றித் தெரியாமலேயே 1971-இல் தனியாக ஒரு பெட்டி செய்தார். வாடிக்கையாளர் ஒருவர் வெளியூரில் பாட வேண்டும், இவரால் கூடப் போக முடியவில்லை, இசையை டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். தொடக்கம் அதுதான். பிறகு சாதாரண ஆட்கள் பாடுகிற சுருதிக்குத் தகுந்தபடி இசையைப் பதிந்து, 11 பெட்டிகளை வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. 2004-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைப்பவர்களுக்குத் தரும் இக் நோபெல் பரிசுகளில் அமைதிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த முதல் பெட்டிகளில் திரையே கிடையாது. பாட்டு வரிகள் அச்சிட்ட தாளில் இருந்தன. ஓடுகிற எழுத்து இல்லாமல் கராவோக்கே இல்லை என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் எழுத்து என்பது இரட்டைச் சிக்கல். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவருக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாட்டு வரிகள் பெரும்பாலும் ரூமி (ஆங்கில) எழுத்தில் ஓடும். தேசியப்பள்ளியில் படித்த பேரப்பிள்ளைக்கு ரூமி வரும், தமிழ் வராது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்தப்பட்ட பெண்களுக்கு இரண்டுமே சரளமில்லை. உங்கள் அம்மா மாதிரி எங்கள் மண்டபத்தில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்கள் முதலில் சொல்லும் சாக்கு கண்ணாடி. “கண்ணாடி கொண்டு வரல” என்று மூன்று வாரம் தொடர்ந்து ஒருவர் சொன்னால், நான்காவது வாரம் கண்ணாடியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இதற்குத் தீர்வு நம் வழக்கத்திலேயே இருக்கிறது. பஜனையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கும்மியிலும் அப்படித்தான், யார் கையிலும் புத்தகம் இருக்காது. அதையே செய்யுங்கள். அம்மா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியும் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் முதல் இரண்டு சொல்லை மட்டும் காதில் சொல்லுங்கள். முழு வரியும் தேவையில்லை, அது அவரைக் குழப்பும். நாற்பது ஆண்டாக வானொலியில் கேட்ட பாட்டு என்றால் இரண்டு சொல் போதும், மீதி தானாக வந்துவிடும். இன்னொரு வழி, வாத்திய இசையைப் போடாமல் அசல் பாட்டையே மெல்லிய ஒலியில் ஓடவிட்டு அதன் மேல் பாடுவது. இது கராவோக்கே ஆகாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாடுகிறவருக்குத் துணை வேண்டும், அது எந்த வடிவில் வந்தால் என்ன?

பார்வை இல்லாதவர்களுக்கும் இதே பாடம், ஒரு சேர்க்கையோடு. எங்களிடம் பாடும் ஓர் ஐயாவுக்குப் பார்வை இல்லை. வரிகள் எல்லாம் மனப்பாடம். அவர் தடுமாறியது இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில்தான். திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் ஓடும், காதுக்கு எந்தக் குறிப்பும் இருக்காது. இப்போது ஒருவர் அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், சரியாக எடுக்கிறார். கண் மங்கியவர்களுக்குத் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டி வைக்காமல் மேசையில், நான்கைந்து அடி தூரத்தில் வையுங்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்து வரும் காணொளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பின்னால் படக்காட்சி ஓடுகிற காணொளிகள் நல்ல கண் உள்ளவர்களுக்கே சிரமம்.

இப்போது அப்பா. இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் பேச்சுச் சிக்கல் ஒரே வகை இல்லை. ஒன்று, சொல்ல நினைக்கும் சொல் கிடைக்காமல் போவது. பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம்தான் மொழியைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் பாதிக்கப்பட்டால் உடம்பில் வலப்பக்கம் தளரும். அதனால் உங்கள் அப்பாவுக்கு இந்த வகை இருக்க வாய்ப்பு உண்டு. மற்றொன்று, சொல் தெரிந்தும் நாக்கும் உதடும் ஒத்துழைக்காமல் குழறுவது. இரண்டும் சேர்ந்தும் வரும். எது என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்ல வேண்டும்.

முதல் வகையில் ஓர் அதிசயம் உறுதியாக நடக்கிறது. பேசும்போது ஒரு சொல்கூட வராதவர்களில் சிலர், பழகிய பாட்டு என்றால் சொல்லோடு சேர்த்துப் பாடிவிடுகிறார்கள். இது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். 1973-இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் இதை வைத்தே மெட்டோடு சொற்றொடரைச் சொல்லிப் பழக்கும் ஒரு பயிற்சி முறையை எழுதினார்கள். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் சந்தேகத்துக்கு இடமானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டில் வந்த சொல் அப்படியே பேச்சுக்கும் வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பயிற்சியே வாரக்கணக்கில் பயிற்சியாளரோடு செய்வது, பலன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சனிக்கிழமை கராவோக்கே அதற்கு ஈடாகாது. அப்பா ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிட்டு, இறங்கியதும் தண்ணீர் கேட்கச் சொல் கிடைக்காமல் நிற்கலாம். அதைப் பார்த்து மனம் உடைந்துபோகாதீர்கள். அவர் பாடியது பொய்யில்லை. குழறல் வகை என்றால் பாட்டிலும் குழறும். அப்போது மெதுவான, சொல் நெருக்கம் இல்லாத பாட்டாகப் பாருங்கள். யூடியூபில் வேகத்தை 0.9 என்று வைத்தால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது, பாடுகிறவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இந்த இடத்தில் இன்னொன்று. பாடினால் நுரையீரல் பலப்படும், ஞாபக மறதி நோய் வராது என்று வாட்ஸப்பில் ஓயாமல் வருகிறது. மறதி நோய் முற்றியவர்களிடமும் பழைய பாட்டு மிஞ்சி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன், மருத்துவ ஆய்வுகளும் அதைச் சொல்கின்றன. சேர்ந்து பாடினால் அந்த நேரத்துக்கு மனம் லேசாகிறது என்பதும் சரி. நாள்பட்ட மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பாட்டுப் பயிற்சி கொஞ்சம் உதவலாம் என்று சொல்லும் ஆய்வுகள் சிறியவை. மறதி நோயைப் பாட்டு தடுக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. பாடுவது பிடிக்கிறது என்ற காரணமே போதும். அதை மருந்தாக்க வேண்டியதில்லை.

அடுத்து மேடை. தொடங்கிய முதல் ஆண்டு, நல்லதென்று நினைத்து ஒரு அடி உயரத்தில் பலகை மேடை போட்டிருந்தேன், வண்ண விளக்கும் வைத்தேன். சர்க்கரை வியாதியால் ஒரு காலை இழந்த ஓர் ஐயா சக்கர நாற்காலியில் வந்தார். அவர் முறை வந்ததும் நான்கு இளைஞர்கள் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். எல்லாரும் கைதட்டினோம். அவர் பாடினார், தூக்கி இறக்கினோம். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, “பாட்டுப் பாட வந்தேன்பா, என்னைச் சாமி தூக்குற மாதிரி தூக்கிட்டீங்க” என்றார். அடுத்த வாரமே மேடையைக் கழற்றினேன். இன்றுவரை போடவில்லை. ஆனால் அவர் திரும்பி வரவில்லை, அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் உங்கள் மண்டபத்தில் மேடை வேண்டாம். பாடும் இடம் தரையிலேயே, எல்லாரும் உட்கார்ந்து பாடும்படி ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க இடம். எல்லாரும் உட்கார்ந்து பாடினால் உட்கார்ந்து பாடுகிறவர் தனியாகத் தெரியமாட்டார். வாசல்படி இருந்தால் சாய்தளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. 15 செண்டிமீட்டர் படிக்கு 180 செண்டிமீட்டர் நீளப் பலகை. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது, 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டத்திலும் பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பங்கேற்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. செயற்குழுவினர் முணுமுணுத்தால் இதைச் சொல்லுங்கள். கழிப்பறை வாசலையும் அளந்துவிடுங்கள். சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை இருந்தால் அப்பா மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார், ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

வலக்கை வேலை செய்யாதவருக்கு மைக் தாங்கி கட்டாயம். உயரத்தை உட்கார்ந்த வாய்க்கு நேரே இறக்கும் தாங்கியாக, பக்கவாட்டில் நீளும் கையோடு வாங்குங்கள், நேர்த் தாங்கி சக்கர நாற்காலியின் கால்பலகையில் இடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி.

ஒலி அளவு. நம் ஊர் நிகழ்ச்சிகளில் சத்தம்தான் கொண்டாட்டம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது, என் தொழிலே அதில்தான் ஓடுகிறது. இருந்தாலும் சொல்கிறேன், கராவோக்கேயைக் கெடுப்பது சத்தம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபல் என்றால் ஏறக்குறைய 20 நிமிடம்தான். கைப்பேசியில் அளக்கும் செயலிகள் முன்பின் காட்டும். எளிய சோதனை, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறையுங்கள். ஆலை இரைச்சலில் முப்பது ஆண்டு வேலை செய்தவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டினால் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது தவறு. அவர்களுக்குச் சொல் தெளிவில்லாமல் போவதுதான் சிக்கல், எதிரொலியைக் குறைத்தால் அது பாதி தீரும். காது கருவி போட்டவர்கள் இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று கருவி கொடுத்த இடத்தில் கேட்கட்டும். பேச்சுக்காக அமைத்த கருவி இசையை அடிக்கடி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். சத்தம் தாங்காத பிள்ளைகளும் வருவார்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அப்படி. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, கதவருகே இரண்டு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இனி உங்கள் 500 ரிங்கிட். மண்டபத்தில் தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே இருந்தால் இந்தப் பணம் தாராளம். இரண்டு கம்பி மைக், ஒரு தாங்கி, மைக்கையும் கைப்பேசி இசையையும் ஒன்றாகக் கலக்கும் ஒரு சிறிய மிக்ஸர், கைப்பேசியிலிருந்து போக ஒரு கம்பி. புளூடூத்தில் ஓடும் கம்பியில்லா மைக் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஒலி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு, சில கருவிகளில் இரண்டு பங்கு தாமதமாக வரும். பாடுகிறவர் குரல் செயலி வழியாகப் போய்ப் புளூடூத்தில் வெளியே வந்தால், தன் குரலே பிந்திக் கேட்டு நல்ல பாடகரும் தடுமாறுவார். முதல்முறை மைக் பிடிக்கிறவர் அதைத் தன் தப்பு என்று நினைத்து வைத்துவிடுவார். கம்பியில் இந்தச் சிக்கல் இல்லை. கம்பியைத் தரையோடு ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிடுங்கள், ஊன்றுகோல் தடுக்கும். யூடியூபில் சுருதி மாற்றும் வசதி இல்லை. அதற்குத் தனிச் செயலி வேண்டும், அல்லது கீ பொத்தான் உள்ள மிக்ஸராக வாங்க வேண்டும். கடைக்காரர் விளக்கு மினுக்கும் பெட்டியைக் காட்டுவார். நீங்கள் கீ பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

மைக் ஊளையிட்டால் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒலிபெருக்கி பாடுகிறவருக்குப் பின்னால் இருக்கும், அல்லது அவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்திருப்பார். ஒலிபெருக்கியைப் பாடுகிறவருக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்தபடி வையுங்கள். மைக்கைத் தண்டில் பிடிக்கச் சொல்லுங்கள், தொலைக்காட்சிப் பாடகர்களைப் பார்த்துத் தலையைப் பிடிக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு அதிகம்.

முறை வைப்பதில் கண்டிப்பு வேண்டும். எல்லாரும் ஒரு பாட்டு பாடிய பிறகுதான் யாருக்கும் இரண்டாவது. பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டு வரிசையாக அழையுங்கள். மதிப்பெண் போடும் வசதி கருவியில் இருந்தால் முதல் நாளே அணைத்துவிடுங்கள். நூற்றுக்கு 43 என்று திரையில் வந்தால் அந்த மனிதர் அடுத்த வாரம் வரமாட்டார், அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை. சுருதியை இறக்கிப் பாடினால் சில கருவிகள் அதையே தப்பென்று கணக்குப் போடும். அனுமதிச் சீட்டு விற்று, வெளியாரை வரவழைத்து நடத்துவதாக இருந்தால் அது வேறு கணக்கு. நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள், பாட்டுரிமைக்கும் முறைப்படி உரிமம் எடுக்க வேண்டும். தாமான்காரர்கள் தங்களுக்குள் கூடுவதற்கும் அதற்கும் வேறுபாடு உண்டு, எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தோட்டத்தில் இருந்தவரை பாட்டு யாருக்கும் தனிச் சொத்தாக இருக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் கும்மி அடித்தவர்களை யாரும் பாட வருமா என்று கேட்டுச் சேர்க்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் எல்லாரும் மாலையில் அங்கே இருந்தார்கள். தாமானுக்கு வந்ததும் ஆளுக்கொரு இரும்புக் கதவு. உங்கள் அப்பாவோடு ஒரே நிரையில் மரம் சீவியவர்கள் இப்போது நான்கைந்து தாமான்களில் சிதறிக் கிடப்பார்கள். அவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து அந்தச் சனிக்கிழமைக்கு அழையுங்கள். அறிமுகமில்லாத முகங்களைவிட அந்த இரண்டு முகம் எதிரில் இருப்பது அவருக்குப் பெரிய தெம்பு.

இந்த வாரம் வீட்டிலேயே தொடங்குங்கள். அவர் மரம் சீவும்போது பாடிய பாட்டு எது என்று அம்மாவிடம் கேளுங்கள், அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கைப்பேசியில் அசல் குரலோடு, மெல்லிய ஒலியில், அவர் காலைத் தேநீர் குடிக்கும்போது போடுங்கள். பாடச் சொல்லாதீர்கள். மூன்று நாள் சும்மா ஓடட்டும். உதடு அசைகிறதா, இடக்கை விரல் தட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். அசைந்தால் நான்காம் நாள் நீங்கள் முதல் சொல்லைப் பாடி நிறுத்துங்கள். எடுத்தால் சனிக்கிழமைக்குச் சீட்டு எழுதுங்கள், முதல் ஆளாக வேண்டாம், நான்காவதோ ஐந்தாவதோ. எடுக்கவில்லை என்றாலும் அழைத்துப் போங்கள். அவருக்குத் தாளம் போட ஒரு ஜால்ரா கொடுங்கள், இடக்கையில் ஒன்று, மற்றொன்று அம்மா கையில். சேர்ந்து அடித்தால்தான் ஒலிக்கும், அதனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்புறம் எந்தப் பாட்டு, எந்தச் சுருதியில் வந்தது என்று எழுதுங்கள், கீ எத்தனை வைக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.